வீட்டில் ஏழு இன்ஜின், எத்தனை ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடுமலைப் பக்கம் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இங்கே ஒரு தோட்டத்து வீட்டை எடுத்துக்கொண்டால் டிராக்டர், டீசல் பம்ப்செட், பைக், ஸ்கூட்டர், களையெடுக்கிற பவர் வீடர், மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர் என்று ஆறு இன்ஜினாவது இருக்கும். ஏழாவதாக ஒரு காரும் நிற்கும். அவர்கள் கடைக்கு வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒரு டப்பா குடுங்க." ஒரே வரியில் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. கல்லாவில் நின்றபடி பாதி சொல்லி அனுப்பியவர் தப்பான ஆயிலை ஊற்றி மறுபடி வரும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் முழுசாக எழுதி வைக்கிறேன். டப்பாவில் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும் குறியீடுகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். படிக்கும்போது டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நேரா சொல்லுங்க. எல்லாத்துக்கும் ஒரே ஆயில் ஊத்தலாமா, கூடாதா?

கூடாது. ஆனால் ஏழு இன்ஜினுக்கு ஏழு டப்பாவும் வேண்டாம். பெரும்பாலான தோட்டத்து வீடுகளுக்கு மூன்று டப்பா போதும்: டீசல் இன்ஜின்களுக்கு ஒன்று, பைக்கையும் சின்ன பெட்ரோல் இன்ஜின்களையும் சேர்த்து ஒன்று, ஸ்ப்ரேயர் போன்ற 2 ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் ஒன்று. கார் இருந்தால் அதைத் தனியாக விட்டுவிடுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு வண்டியின் ஆயிலை இன்னொன்றுக்குக் கடன் கொடுக்கலாம் என்றால், திருப்பிக் கொடுக்கவும் முடியும் என்று அர்த்தமில்லை. பைக் ஆயில் ஸ்கூட்டருக்கு ஆகும், ஸ்கூட்டர் ஆயில் பைக்குக்கு ஆகாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒருவழிப் பாதையைப் பற்றியதுதான்.

15டபிள்யூ-40ன்னு போட்டிருக்கு. அந்த நம்பர் என்னதான் சொல்லுது?

ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. எஸ்ஏஇ என்ற அமைப்பு வகுத்த அளவு இது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடுகிறது என்பதற்கு. 15 டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 10 டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் இன்ஜினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஊட்டியிலேயே அந்தக் குளிர் கிடையாது. ஆகவே நமக்கு முதல் எண்ணால் பெரிய வித்தியாசம் வராது.

நமக்கு முக்கியமானது பின்னால் இருக்கும் எண். இன்ஜின் சூடேறி 100 டிகிரி தொடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. எண் கூடினால் ஆயில் நல்லது என்று எண்ண வேண்டாம். பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இன்ஜின் செய்தவர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்.

நம்பர் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒரே ஆயில்தானுங்களே?

இல்லை. அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எண் கெட்டித்தன்மையை மட்டும் சொல்லும். உள்ளே என்னென்ன மருந்து சேர்த்திருக்கிறார்கள் என்பது எழுத்துகளில் இருக்கிறது. ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் தரம்) என்று போட்டு அதன் பக்கத்தில் எஸ் எழுத்தில் தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி எழுத்தில் தொடங்கினால் டீசல் இன்ஜினுக்கு. எஸ்எல், எஸ்என், எஸ்பி என்று அடுத்த எழுத்து முன்னேற முன்னேறப் புதிய தரம். எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல். டீசல் பக்கம் சிஐ-4 வந்தது 2002இல், சிகே-4 வந்தது 2016இல். பல டப்பாக்களில் "சிஐ-4/எஸ்எல்" என்று இரண்டும் இருக்கும். அந்த ஆயில் இரண்டு பக்கத் தேர்விலும் தேறியது என்று பொருள்.

மூன்றாவது குறி ஜாசோ. இது ஜப்பானியர்கள் இரு சக்கர வண்டிக்கென்று வகுத்த தரம். எம்ஏ, எம்ஏ2 என்றால் கியர் பைக்குக்கு, எம்பி என்றால் ஸ்கூட்டருக்கு. வீட்டில் கியர் பைக் இருந்தால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த எழுத்தைப் பாருங்கள்.

டிராக்டர் ஆயிலை பைக்குல ஊத்தினா என்ன ஆகும்? என் மச்சான் ரெண்டு வருஷமா ஊத்தறான், வண்டி நல்லாத்தான் ஓடுது.

உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை. அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகளும் தெளியும்.

காரிலும் டிராக்டரிலும் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். கிளட்ச் பெரும்பாலும் எதிலும் நனையாமல் உலர்ந்தே இருக்கும். கியர் பைக்கில் அப்படியில்லை. பிஸ்டன், கியர், கிளட்ச் பிளேட் மூன்றும் அதே ஒரு லிட்டர் ஆயிலில் ஊறுகின்றன. பிஸ்டனுக்கு ஆயில் வழுக்க வேண்டும், கிளட்ச்சுக்கு அதே ஆயில் அளவுக்கு மீறி வழுக்கக் கூடாது. போதாததற்கு, கியர் பற்கள் கத்தரி மாதிரி ஆயிலை நறுக்கி அதன் கெட்டித்தன்மையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஜாசோ எம்ஏ என்பது இப்படி நனைந்த கிளட்ச் வழுக்காமல் பிடிக்கிறதா என்று சோதித்துக் கொடுத்த சான்று.

15டபிள்யூ-40 சிஐ-4 டீசல் ஆயில்களில் வழுக்கலைக் கூட்டும் மருந்து பொதுவாகச் சேர்ப்பதில்லை. மச்சானின் கிளட்ச் தப்பித்தது அதனால்தான். அமெரிக்காவில் விற்கும் ஷெல் ரோட்டெல்லா போன்ற சில டீசல் ஆயில்களின் விவரத்தில் ஜாசோ எம்ஏ என்றே குறிப்பிட்டிருப்பார்கள். அப்படிப்பட்டதை ஊற்றலாம். எதுவும் போடாத டப்பா என்றால் சோதிக்காத ஆயில் என்று அர்த்தம். தவிர, 10டபிள்யூ-30 கேட்கும் 100 சிசி வண்டிக்கு 40 எண் ஆயில் கொஞ்சம் கெட்டி. வண்டி இழுத்து ஓடும், மைலேஜ் குறையும். ஆயில் கேஜில் அளவு அடியில் கிடக்கிறது, கடை பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் அதை ஊற்றிக்கொண்டு போங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட எந்த ஆயிலும் மேல். வழக்கமாக ஊற்ற மட்டும் வாங்காதீர்கள்.

கார் சர்வீஸ்ல மிச்சமானது ஒன்றரை லிட்டர் இருக்கு, நல்ல விலை போட்டு வாங்கினது. பைக்குக்கு ஊத்திடட்டுமா?

வேண்டாம். டிராக்டர் ஆயிலைவிட ஆபத்து இதுதான். கார் ஆயிலின் தரமே எரிபொருளை மிச்சப்படுத்துவதில் இருக்கிறது. அதற்காகவே வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்ப்பார்கள். காருக்கு அது நல்லது. பைக் கிளட்ச்சுக்கு அதுவே கேடு. டப்பாவில் ஏபிஐ என்ற வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று இருந்தால் அந்த ஆயில் கியர் பைக்குக்குக் கிட்டவே போகக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படி மிச்சமான 5டபிள்யூ-30 ஆயிலைப் பைக்கில் ஊற்றினான். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. பழனியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் இரண்டு பேராக ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஆயிலை வடித்துச் சரியானதை ஊற்றிப் பார்த்தோம், மறுபடியும் மாற்றிப் பார்த்தோம். ஏற்கெனவே வழுக்கி வழுக்கிப் பிளேட்கள் கருகியிருந்ததால் கடைசியில் பிளேட் செட் மாற்ற வேண்டியதாயிற்று. ஒன்றரை லிட்டரை வீணாக்கக் கூடாது என்று நினைத்த பிள்ளைக்கு அவ்வளவு செலவு. அந்த மிச்ச ஆயிலை எதற்கு ஊற்றலாம் என்பதை பவர் வீடர் கேள்வியில் சொல்கிறேன்.

கிளட்ச் வழுக்குதான்னு நானே பாக்க முடியுமா?

முடியும். ஆள் நடமாட்டம் இல்லாத நேர் சாலையில் டாப் கியரில் நடுவேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் முதலில் எகிறி, வேகம் பின்னால் மெதுவாக வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் கேபிளில் இருக்க வேண்டிய தளர்வு (ஃப்ரீ பிளே) சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் இதே மாதிரிதான் காட்டும்.

ஸ்கூட்டருக்கு எம்பி, பைக்குக்கு எம்ஏ. ரெண்டும் 10டபிள்யூ-30தான். ஒரே டப்பா வாங்கலாமா?

எம்ஏ டப்பா வாங்குங்கள், இரண்டுக்கும் ஊற்றலாம். ஸ்கூட்டரின் கிளட்ச் பெல்ட் பக்கம் உலர்ந்த இடத்தில் இருக்கிறது, இன்ஜின் ஆயில் அதைத் தொடுவதில்லை. எம்ஏ ஊற்றினால் ஸ்கூட்டருக்கு எம்பி தரும் வழுக்கல் கிடைக்காது, மைலேஜ் ஒரு துளி குறையலாம். அவ்வளவுதான். எம்பி டப்பாவை வாங்கிப் பைக்குக்கு ஊற்றினால், முன்கேள்விப் பையனின் கதைதான்.

ஸ்கூட்டரின் பின்சக்கரத்தருகே கியருக்கென்று தனியாக ஒரு சின்ன அறை உண்டு. அதில் சுமார் நூறு மில்லி கியர் ஆயில் இருக்கும். பல வீடுகளில் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. இன்ஜின் ஆயில் மாற்றும்போது மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் புல்லட் இருந்தால் அது இந்தக் கூட்டில் சேராது. இப்போதைய 350க்கு 15டபிள்யூ-50 எம்ஏ வகை ஆயில். அதன் டப்பா தனி.

பவர் வீடர், சின்ன ஜெனரேட்டர், வாய்க்கால்ல தண்ணி இறைக்கிற பெட்ரோல் இன்ஜின், இதுக்கெல்லாம் என்ன?

இவற்றில் பெரும்பாலானவை ஹோண்டா ஜிஎக்ஸ் மாதிரி காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின்கள். ஜிஎக்ஸுக்கு அந்த நிறுவனம் சொல்வது 10டபிள்யூ-30, ஏபிஐ எஸ்ஜே அல்லது அதற்கு மேல். ஆகவே பைக்குக்கு வாங்கிய எம்ஏ டப்பாவே இங்கும் ஆகும். இந்த இன்ஜின் உள்ளே கிளட்ச் நனைவதில்லை என்பதால் எம்பியும் ஆகும். மேலே கேட்ட காரின் மிச்ச ஆயில் 5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-30 ஆக இருந்தால் அதற்கும் இதுதான் இடம். 0டபிள்யூ-20 மாதிரி தண்ணீராக ஓடும் ஆயில் மட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் மண்ணைக் கிளறும் இன்ஜினுக்கு அது தாங்காது.

எந்த ஆயில் என்பதைவிட இங்கே எப்போது மாற்றுகிறீர்கள் என்பதுதான் பெரிது. இந்த இன்ஜின்களில் ஆயில் ஃபில்டரே கிடையாது. தேய்ந்த இரும்புத்தூள் எல்லாம் அந்த அரை லிட்டருக்குள்தான் சுற்றுகிறது. புது மெஷினில் முதல் ஆயிலை 20 மணி நேரத்தில் வடித்துவிட வேண்டும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 20 மணி நேர ஆயிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், உள்ளே மினுமினுப்பது தெரியும். அதைப் பார்த்தவர் பிறகு ஒருபோதும் தள்ளிப்போட மாட்டார்.

ஸ்ப்ரேயருக்கு 2டி ஆயில் தீந்துபோச்சுங்க. பைக் ஆயிலையே பெட்ரோல்ல கலந்துக்கட்டுமா?

கலக்காதீர்கள், அக்கா. பைக் ஆயில் இன்ஜினுக்குள்ளேயே தங்கி வேலை செய்யப் பிறந்தது. 2டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து வெளியேறப் பிறந்தது. பைக் ஆயிலில் இருக்கும் மருந்துகள் எரிந்தால் சாம்பலாகும். அது பிளக்கில் ஒட்டும், பிஸ்டன் வளையத்தை இறுக்கும், புகை போகும் துளையை அடைக்கும். ஒருநாள் வேலை தள்ளிப்போனாலும் பரவாயில்லை. 2டி டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று பார்த்து வாங்குங்கள், புகை குறைவு. முதுகில் சுமந்துகொண்டு அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நீங்கள்தானே.

அளவு மெஷினின் புத்தகத்தில் இருக்கும். 25க்கு 1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவில் ஊற்ற வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் அளவு மூடியை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: புல் வெட்டும் மெஷினில் 2 ஸ்ட்ரோக்கும் உண்டு, 4 ஸ்ட்ரோக்கும் உண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெட்ரோல் மூடியைத் தவிர ஆயிலுக்கென்று தனி மூடி இருந்தால் அது 4 ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது.

அப்பா காலத்து டீசல் இன்ஜின், 40 நம்பர் ஆயில்தான் ஊத்துவோம். 15டபிள்யூ-40 ஊத்தினா கெட்டுப்போகுமா?

கெடாது. முன்பே சொன்ன மாதிரி, சூட்டில் இரண்டுக்கும் அதே 40தான். மெதுவாகச் சுற்றும் பழைய லிஸ்டர் வகை இன்ஜினானாலும், 1500 சுற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் இன்ஜினானாலும், டிராக்டருக்கு வாங்கும் 15டபிள்யூ-40 போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பல வருஷம் சாதா ஆயிலில் ஓடிய இன்ஜினின் அடியில் கருஞ்சேறு படிந்திருக்கும். புது ஆயிலில் இருக்கும் கழுவும் மருந்து அதைக் கரைத்துக் கிளப்பிவிடும். அதனால் முதல் தடவை ஊற்றியதை முழுக் காலம் ஓட்டாமல் முப்பது, நாற்பது மணி நேரத்திலேயே சூடாக இருக்கும்போது வடித்துவிட்டு, பக்கமூடியைக் கழற்றித் துடைத்து மறுபடி ஊற்றுங்கள். ஓரிரு சீலில் கசிவு தெரிந்தால் ஆயிலைக் குறை சொல்ல வேண்டாம். அதுவரை சேறுதான் அடைத்துக்கொண்டிருந்தது.

டிராக்டர்ல இன்ஜினுக்கு ஊத்தறதையே கியர்பாக்ஸ், ஹைட்ராலிக்குக்கும் ஊத்தலாங்களா?

கூடாது. பிரேக் பிளேட்கள் ஆயிலுக்குள் ஊறும் டிராக்டர்களில், கியர்பாக்ஸ் இருக்கும் பின்பக்கத்துக்கு யூடிடிஓ என்ற வகை ஆயில் கேட்பார்கள். அதில் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது கறகறவென்று கத்தும். இரண்டுக்கும் சேர்த்துச் செய்த எஸ்டிஓயூ என்ற வகையும் உலகத்தில் உண்டு. உங்கள் டிராக்டர் புத்தகம் அதை ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள்.

புது டீசல் பிக்கப் எடுத்திருக்கோம். டிராக்டருக்கு பக்கெட்டா வாங்கற ஆயிலை அதுக்கும் ஊத்திக்கலாமா?

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு விற்ற பிஎஸ்6 டீசல் வண்டி என்றால் ஊற்றாதீர்கள். பெரும்பாலானவற்றின் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. நிறையக் கரி சேர்ந்தால் வண்டி தானே அதைச் சூடாக்கி எரித்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. சிஐ-4 ஆயில் எரிந்து விடும் சாம்பல் அதிகம். அது ஃபில்டரிலேயே தங்கித் தங்கி அடைத்துவிடும். அந்த ஃபில்டரின் விலையைக் கேட்டால் பத்து வருஷ ஆயில் செலவு கண்முன் வரும். புத்தகத்தில் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் நிறுவனங்களின் தரம்) சி2, சி3 என்று எதைப் போட்டிருக்கிறார்களோ அதையே வாங்குங்கள்.

புது பெட்ரோல் கார்களுக்கும் இதே பதில்தான், காரணம்தான் வேறு. 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 15டபிள்யூ-40 ஊற்றினால், மெல்லிய ஆயிலுக்காகச் செய்த துளைகளில் கெட்டி ஆயில் நேரத்துக்குப் போய்ச் சேராது. வாரண்டியும் பேச முடியாது.

ரெண்டு கம்பெனி ஆயிலைக் கலந்தா தயிர் மாதிரி திரிஞ்சிடும்னு சொல்றாங்களே?

திரியாது. மற்ற இன்ஜின் ஆயிலோடு கலந்தால் பிரியாமல் இருக்கிறதா என்பதும் ஏபிஐ தேர்வில் ஒரு பாடம். சிந்தெடிக்கும் மினரலும்கூடக் கலக்கும். ஆனால் கலவையின் தரம் இரண்டில் மட்டமானதை நம்பித்தான் இருக்கும். குறைந்த அளவை நிரப்பக் கலக்கலாம், மாற்றும்போது ஒரே ஆயிலாக ஊற்றுங்கள். 2டி ஆயிலை மட்டும் வேறு எந்த ஆயிலோடும் கலக்காதீர்கள்.

மாத்தி ரெண்டே நாள்ல கறுத்துப்போச்சு. போலி ஆயிலா?

டீசல் இன்ஜினில் அது இயல்பு. கரியைத் தன்னோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அந்த ஆயிலின் வேலை. பயப்பட வேண்டியது வேறு மூன்றுக்கு: ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு வந்தால் தண்ணீர் இறங்குகிறது, கேஜில் அளவு தானாக ஏறினால் டீசல் இறங்குகிறது, விரலில் தேய்க்கும்போது நறநறத்தால் மண் போகிறது. மூன்றிலும் இன்ஜினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இருபது லிட்டர் பக்கெட் வாங்கினா லாபமா? வச்சிருந்தா கெட்டுப்போகாதா?

டீசல் ஆயிலுக்கு லாபம். டிராக்டர் ஒரு தடவைக்கு ஏழு, எட்டு லிட்டர் குடிக்கும், பம்ப்செட் மூன்றரை லிட்டருக்கு முன்பின். ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும். பைக் ஆயிலைப் பக்கெட்டாக வாங்க வேண்டாம், லிட்டர் டப்பாவே சரி. மூடி திறக்காத டப்பா நிழலில் சில வருஷம் இருக்கும். திறந்ததை ஒரு வருஷத்துக்குள் தீருங்கள். மோட்டார் ரூமில் மூடி போடாமல் வைத்தால் பனி ஈரமும் தூசியும்தான் உள்ளே போகும்.

எங்கள் வீட்டில் டப்பாக்களுக்கு பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். டீசல் ஆயிலுக்குப் பச்சை, பைக் ஆயிலுக்கு மஞ்சள், 2டிக்குச் சிவப்பு. அந்தந்த மெஷினின் ஆயில் மூடியிலும் அதே நிறத்தில் ஒரு பொட்டு. படிக்கத் தெரியாதவர் வேலைக்கு வந்தாலும் தப்பு நடப்பதில்லை.

புக்கு தொலைஞ்சுபோச்சு, மெஷின்ல எழுத்தும் அழிஞ்சுபோச்சு. என்ன பண்றது?

ஆயில் மூடியின் மேலேயே எண் பொறித்திருக்கிறதா என்று சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள், பல வண்டிகளில் இருக்கும். அடுத்தது கம்பெனியின் இணையதளம், மாடல் பெயரைப் போட்டால் பெரும்பாலும் புத்தகம் இலவசமாகக் கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் நான் மூன்றே கேள்வி கேட்பேன்: டீசலா பெட்ரோலா, கிளட்ச் ஆயிலில் நனைகிறதா, ஆயிலுக்குத் தனி மூடி இருக்கிறதா. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துவிடலாம்.

வடிச்ச பழைய ஆயிலை கரையானுக்குக் கதவு நிலையில அடிப்போம், வரப்புல ஊத்துவோம். அது பரவாயில்லைங்களா?

கேட்டதற்கு நன்றி. இந்தக் கேள்வியை ஆயிரத்தில் ஒருவர்தான் கேட்கிறார்கள். வரப்பில் ஊற்றியது மழையில் கிணற்றுக்குத்தான் வரும். பழைய ஆயிலில் தேய்ந்த உலோகமும், எரிந்ததில் உண்டான நச்சுப் பொருள்களும் இருக்கின்றன. தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய்வரை கொண்டுபோகக் கூடியவை அவை. 2016ஆம் ஆண்டு மத்திய விதிகளில் அதை அபாயகரக் கழிவு என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். வடித்ததை அதே பழைய டப்பாவில் ஊற்றி இறுக மூடி, மேலே "பழசு" என்று எழுதி வையுங்கள். உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் டிரம் வைத்துச் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுப்பவர்கள் இருப்பார்கள், அங்கே கொடுங்கள். பக்கத்தில் யாருமில்லை என்றால் என் கடைக்குக் கொண்டுவாருங்கள், பின்வாசலில் டிரம் வைத்திருக்கிறேன்.